வெள்ளியன்றே வந்த ஞாயிறு

நெப்ராஸ்காவில் மே மாதம்
மக்காச்சோளத்தைக் காக்க வைக்க முடியாது.
மண்ணில் சூடு பதமாக இருந்தது.
வங்கிக் கடனிலும்.
ஞாயிறன்று மழை என்றது வானொலி.
அதற்குள் இருநூறு ஏக்கர்.

டெலோரிஸ் குச்செரா டிராக்டரில் ஏறித்
திரையைத் தொட்டாள்.
பதினோரு வருஷமாக
ஸ்டியரிங்கைப் பிடிப்பது அவள் வேலையில்லை.
இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்திலிருந்து
சில செயற்கைக்கோள்கள் பிடித்துக்கொள்ளும்
அரை விரல் பிசகாமல்.
அவள் சூரியகாந்தி விதை கொறித்தபடி
தம்பியின் விவாகரத்துக் கதையை
ஃபோனில் கேட்டுக்கொண்டு போவாள்.

வெள்ளிக்கிழமை மாலை
டிராக்டர் தலையை ஆட்டியது,
கூப்பிட்ட குரல் எந்தப் பக்கமென்று
தெரியாத நாய்போல.
பிறகு நின்றது.
திரையில் நீல அம்பு மட்டும்
பக்கத்து நிலத்து ஸ்வபோடாவின் குட்டைக்குள் இறங்கி
விதைக்க ஆரம்பித்திருந்தது.

அணைத்துப் போட்டாள். மறுபடி அணைத்துப் போட்டாள்.
கம்பெனிக்கு ஃபோன் செய்தாள்.
பழுது உங்கள் வண்டியில் இல்லை என்றான்
அங்கிருந்த பையன்.
பிறகு, சாவுச் செய்தி சொல்பவன்போல
குரலைத் தாழ்த்தி:
"சூரியனில்."

நிமிர்ந்து பார்த்தாள்.
ஒன்றும் தெரியவில்லை, கண்தான் கூசியது.
இரண்டு நாள் முன்பே அங்கே ஏதோ வெடித்ததாம்.
வெளிச்சம் எட்டு நிமிஷத்தில் வந்து சேர்ந்துவிட்டது,
வழக்கம்போல, எதுவும் சொல்லாமல்.
பின்னால் நடந்து வந்ததுதான் இது.

கிழமை முறை தெரியாமல்
வெள்ளியன்றே வந்துவிட்டது ஞாயிறு.

எதிர்முனையில் ஒரு வேலிக்கம்பம். அதன்மேல் கண்.
நேராக ஓட்டும் வித்தை
தோளுக்கு நினைவிருந்தது, மணிக்கட்டுக்கு இல்லை.
முதல் சால், குடிகாரன் வீடு திரும்பிய வழி.
இரண்டாவது, அதே குடிகாரன்,
கொஞ்சம் தெளிந்து.
இருட்டியும் விளக்கைப் போட்டு ஓட்டினாள்.
பத்து மணிவாக்கில் கண்ணாடியில் சிவப்பு.
எங்கோ தீ என்றுதான் நினைத்தாள்.
வைக்கோலா, ஸ்வபோடாவின் வீடா?
எட்டிப் பார்த்தால்
தலைக்கு மேலே வானம் முழுக்கப்
பிளந்த மாதுளை.
ஓரத்தில் பச்சை நடுங்கிக்கொண்டிருந்தது.
தனக்குத் தெரிந்த ஒரே செக் வசவை
அதைப் பார்த்துச் சொன்னாள்.
என்ன அர்த்தமென்று அவளுக்கே தெரியாது.

சனிக்கிழமை டேப்லெட் கணக்குக் காட்டியது.
வடக்கு வயலில் விதைத்தது பூஜ்யம்.
குட்டையில் பதினாறு ஏக்கர்
(குட்டையே மூன்று ஏக்கர்தான்).
ஒரு மூலையில், ஒரே சதுர அடியில்,
நாற்பதாயிரம் விதை.
விதைத்த தேதி 1980 ஜனவரி ஆறு.
அன்று அவளுக்கு நாலு வயது,
நிலம் முழங்கால் பனிக்கடியில்.

மழை மட்டும் சொன்ன நாளில் வந்தது.

ஜூலையில் காப்பீட்டுக்காரர் வந்தார்,
ஆல்டன் ஷ்ரேடர், நல்ல மனிதர்.
பதிவின்படி இங்கே பயிர் இல்லை என்றார்,
பயிருக்குள் நின்றுகொண்டு,
இலை காதில் உரச.
"எனக்குத் தெரிகிறது, டெலோரிஸ்.
கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை."
ஒரு தாளில் கையெழுத்து வாங்கிப் போனார்.
அந்தத் தாளையும் பிறகு யாரோ தொலைத்தார்கள்.

அக்டோபரில் அறுவடை.
செயற்கைக்கோள்கள் எப்போதோ வேலைக்குத் திரும்பிவிட்டன,
விடுப்பு எடுத்ததே தெரியாத முகத்தோடு.
அவை காட்டிய நேர்கோட்டில் போனால்
இயந்திரம் தட்டைகளை மிதித்தது.
வடக்கு வயலுக்கு மட்டும் திரையை அணைத்தாள்.

ஓரிடத்தில்
சால் இடப்பக்கம் புடைத்து
ஏழெட்டு அடி விலகி
வெட்கப்பட்டுத் திரும்பியிருந்தது.
எந்தக் கோப்பிலும் அது இல்லை.
அதன் போக்கிலேயே அறுத்துப் போனவள்
வளைவு வந்ததும் தன்னையறியாமல்
மேலே பார்த்தாள்.

பகல். மேகமூட்டம்.
விதைத்தோலைத் துப்பிவிட்டு
அடுத்த சாலுக்குத் திருப்பினாள்.