இடது தொடை

சலாலாவிலிருந்து வந்த கோப்பில்
ஒரு எண், ஒரு தொடையெலும்பு, கரையொதுங்கிய தேதி.
பெயர் தேடி வள்ளவிளையில் இறங்கினேன்.

பெர்பெத்தாள் வாய் கொப்பளித்துவிட்டு
முதல் ஆளாய் வந்து உட்கார்ந்தாள்.
"எனக்க எச்சிய எடுங்க."
மனைவியின் மாதிரி உதவாது என்பதை
நான்கு நாடுகளில் சொல்லியிருக்கிறேன்;
தமிழில் அன்றுதான் முதல் தடவை.
"பதினாறு வருஷம் ஒரே சட்டியில தின்னோம்.
அது ரத்தத்துல கலக்கல்லியா?"

வள்ளப் பங்குச் சண்டையில்
ஏழு வருடம் அந்த வாசலை மிதிக்காத
தம்பி சில்வதாசனைக் கூட்டிவந்தார்கள்.
பஞ்சுக்குச்சி அவன் கன்னத்துக்குள் சுழல
அவள் குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உறையை ஒட்டி, கையெழுத்து வாங்கி
எழுந்தபோதுதான் கேட்டாள்:
"இடது தொடையா?
வின்ச் அடிச்சு ஒடிஞ்சது.
இந்தா, இங்க தடிச்சிருக்கும்.
ராத்திரி எண்ணெ போட்டு
உழிஞ்சு விட்டது நான்தான். கைக்குத் தெரியும்."
தன் தொடையில் விரல் வைத்துக் காட்டினாள்.

பன்னிரண்டாம் நாள் தந்தைவழிக் கோடு பொருந்தியது.
எக்ஸ்ரேயில் தடிப்பு,
அவள் விரல் நின்ற உயரத்தில்.
ஆதாரம் ஒன்று சில்வதாசன்.
இரண்டாவதாக அவளை எழுதினேன், சொன்னது சொன்னபடி.

மஸ்கட்டிலிருந்து மொழிபெயர்ப்பாளர் அழைத்தார்:
"எண்ணெய் என்று வருகிறதே,
அது மருத்துவச் சொல்லா?"

இல்லை என்றேன்.
விட்டுவிடாதீர்கள் என்றும்.