மற்றவை

அக்டோபர் இரண்டு, கிராம சபை.
கோரத்துக்கு ஐம்பது பேர் போதும்.
வந்தது அறுபத்து மூன்று பேர், இரண்டு நாய்,
கண்ணாடி இல்லாத பள்ளிச் சன்னல் வழியே
ஒரு மேகம்.
தீர்மானம் எழுதுவது நான், ஊராட்சிச் செயலர்.
கையெழுத்து நன்றாயிருக்கும் என்பார்கள்.

குடிநீர் முடிந்தது. தெருவிளக்கு முடிந்தது.
சடைச்சி எழுந்தாள்.
“ஆவணியில பதினோரு நாள் மண்ணு வெட்டினேன்.
எட்டு நாளுக்குத்தான் கூலி.
மூணு நாளு எங்க?”

மூன்று நாளும் போனில் இருந்தன.
படம் முழுக்கப் பனி.
பனிக்குள் மண்வெட்டிக் காம்பு ஒன்று,
சிவப்பாக ஏதோ, சேலையாக இருக்கலாம்.
செயலி முகத்தைத் தேடியிருக்கிறது.
கிடைக்கவில்லை.
ஆள் இல்லை என்று எழுதிவிட்டது.

காணொலியில் சேலத்து அதிகாரி
எங்கள் கையில் இல்லை, சென்னையைக் கேட்க வேண்டும் என்றார்.
சென்னை தில்லியைக் கேட்கும் என்றார்.
அப்படியே வாய் திறந்தபடி உறைந்துபோனார்.
சிக்னல்.
அறுபத்து மூன்று பேரும் அவர் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
“இவருக்கு இன்னிக்கு ஆஜர் உண்டா?” என்றாள் சடைச்சி.

போனையே தூக்கிக் கிணற்றில் போடச் சொன்னார் வெள்ளையன்.
ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை.
போன மாசம் அவர் மருமகளுக்கு
நடுராத்திரி ஆம்புலன்ஸ் வந்தது எதனால்?
எஸ்டேட் மருந்தகத்து ரோசலின் சொன்னாள்:
“கருவி இருக்கட்டும்.
அது சொன்னதே கடைசிப் பேச்சுன்னு இருக்க வேணாம்.”

சொல்லச் சொல்ல எழுதினேன்.
பனி நாளில் நோட்டுப் புத்தகமும் செல்லும்.
தப்பு கருவியோடது என்றால்
பட்டினி ஆளோடது ஆகக் கூடாது.
எங்கள் முகங்கள் எந்த ஊர்க் கணினியில் கிடக்கின்றன,
எத்தனை நாள் கிடக்கும், யார் பார்க்கலாம்,
எழுத்தில் வேண்டும்.
செயலியை மாற்றும் முன் மலையில் கேட்க வேண்டும்.
(‘ஐப்பசியில் வந்து’ என்று சேர்க்கச் சொன்னது வெள்ளையன்.)
அது இல்லை என்று எழுதும் இடத்தில் எல்லாம்
அடியில் ஒரு மனிதர் பெயர் இருக்க வேண்டும்,
நடந்துபோய்க் கேட்கிற தூரத்தில்.
“நடந்துன்னு போடாதீங்க, முட்டி வலி,
பஸ்ஸுன்னு போடுங்க.”
போட்டேன்.

தீர்மானத்தை ஏற்றவும் ஒரு செயலி உண்டு.
பொருளைத் தேர்வு செய்க என்றது.
சாலை, சுகாதாரம், கால்நடை, மயானம்
என்று இறங்கிக்கொண்டே போய்
கடைசியில் மற்றவை.
தொட்டேன்.
இருநூறு எழுத்துக்குள் என்றது.
சடைச்சியின் மூன்று நாளை மட்டும் எழுதினேன்.
மிச்சம் பச்சை அட்டை நோட்டில் இருக்கிறது,
கைநாட்டு மை காயாமல்.

இருட்டும் நேரம். நாகலூர் வளைவில்
பாறைமேல் ஏறிப் போனை உயர்த்தி நின்றேன்.
சிக்னல் ஒரு கோடு வந்தது, போனது.
சுள்ளிக்கட்டோடு வந்த சடைச்சி
கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள்.
எங்களுக்கு நடுவே பனி இறங்கிக்கொண்டிருந்தது.
“செயலரே, இருக்கறீங்களா, போயிட்டீங்களா?”
“இங்கேதான்” என்றேன்.
வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.