மெய்யாலுமா

எக்ஸ்ரே அறைக்குப் பின்னால்
ஜெனரேட்டர் புகை அடிக்கும் பக்கம்
எங்கள் ஆஸ்பத்திரி நூலகம்.
இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்துக்குப் பிறகு
கீழ்த்தட்டில் புத்தகம் வைப்பதில்லை.
அங்கே என் சாப்பாட்டுப் பை, குடை,
மழைக்கு ஒதுங்கும் ஒரு பூனை.

'மருத்துவர்களுக்கு மட்டும்' என்று கதவில் போர்டு.
அதைப் படிக்காமல் உள்ளே வந்தார் எபினேசர்.
வியாசர்பாடி, சொந்த ஆட்டோ,
காக்கிச் சட்டையில் டயாலிசிஸ் வார்டின் மருந்து வாசம்.

போனை நீட்டினார்.
பளபளக்கும் டம்ளரில் வெளிறிய சாறு.
நாற்பத்தெட்டு நாளில் கிட்னி புதுசாகும்,
அமெரிக்காவே மிரண்டது,
பத்துப் பேருக்கு அனுப்பினால் புண்ணியம்.
"வாழத்தண்டு ஜூஸ் மேடம். மெய்யாலுமா?"

இருபத்திரண்டு வருஷத்தில்
பேராசிரியர்கள் கேட்டிருக்கிறார்கள்
தொகுதி எண், பக்க எண்,
நாளைக் காலைக்குள் நாற்பது கட்டுரை.
இதை இத்தனை சுருக்கமாக
ஒருவரும் கேட்டதில்லை.

"ஆதாரம் இருக்கான்னு பார்க்கணும்" என்றேன்.
சட்டைப்பைக்குள் கைவிட்டு
லேமினேட் செய்த ஆதார் அட்டையை
மேஜைமேல் வைத்தார்.
நான் சிரிக்கவில்லை.
கேட்ட ஜன்னலிலெல்லாம் நீட்டிப் பழகிய கை.
சாற்றுக்கு அப்படி ஒரு அட்டை உண்டா என்று
தேட உட்கார்ந்தேன்.

தேடுவது என்றால், ஒரு சொல்லுக்கு ஏழு சொல்.
வாழைக்கு லத்தீன் பெயர், தண்டுக்கு இரண்டு பெயர்,
வேண்டாததைத் தள்ள ஒரு 'அல்ல'.
மின்விசிறி ஒருமுறை நின்று மறுபடி சுற்றியது.
கிடைத்தது ஒன்றே ஒன்று.
எலிகள். மொத்தம் இருபத்து நாலு.
அவற்றுக்கும் சிறுநீரகக் கல்தான், செயலிழப்பு இல்லை.
மேலும் ஆய்வு தேவை என்று முடித்திருந்தார்கள்,
எல்லாரும் முடிப்பதுபோல.

"எலிக்குச் சரியாச்சா?"
"கல்லு கொஞ்சம் கம்மியாச்சாம்."
"அப்பால எலி?"
கடைசிப் பத்திவரை போய்ப் பார்த்தேன்.
கொன்று, அறுத்து, எண்ணியிருந்தார்கள்.
சொல்லலாமா என்று யோசித்து
சொல்லிவிட்டேன்.

ஆதாரம் இல்லை என்பது வேறு,
பலன் இல்லை என்பது வேறு.
நடுவில் ஒரு 'தெரியாது' உட்கார்ந்திருக்கிறது,
அதைக் கூப்பிட எந்தக் கவுண்டரிலும் ஆளில்லை.
ஆனால் இன்னொரு தட்டில்
தெரிந்த ஒன்று இருந்தது.
டயாலிசிஸ் உடம்பில் பொட்டாசியம் தங்கும்.
ஏறினால் இதயத் துடிப்பு தடுமாறும்.
வாழைத்தண்டில் அது நிறைய.

"எத்தனை நாளா குடிக்கிறாங்க?"
"ஒம்போது நாளு. நாந்தான் அரைச்சுத் தரேன்."

நான் டாக்டர் இல்லை. அதையும் சொன்னேன்.
இன்டர்காமில் இரண்டாம் மாடி, டயட்டீஷியன் ஹசீனா.
உடனே ரத்தம் எடுக்கணும், அனுப்புங்க என்றாள்.
கையில் கொடுத்தனுப்பத் தமிழில் ஒரு தாள் தேடினேன்.
பதினாறாயிரம் நூல். அந்த ஒரு தாள் இல்லை.
பழைய கேட்டலாக் அட்டையின் முதுகில்
ஹசீனா சொல்லச் சொல்ல நானே எழுதினேன்.
எபினேசர் வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.
"'தவிர்க்கவும்'னு போட்டா
குளோரி கொஞ்சமா குடிக்கலாம்னு நெனப்பா மேடம்.
'குடிக்காத'ன்னு எழுதுங்க."
அடித்துவிட்டு எழுதினேன்.
இந்த நூலகத்தில் நான் பார்த்த
மிகச் சிறந்த திருத்தம் அது.

ஓடினார். மாடிப்படியில் செருப்புச் சத்தம்
இரண்டிரண்டு படியாகக் கேட்டது.

மாலை பதிவேட்டை நிரப்பும்போது
வாசகர் வகை என்ற கட்டத்தில் பேனா நின்றது.
பேராசிரியர், முதுநிலை, இளநிலை, இதர.
கட்டத்துக்கு வெளியே
கணவர் என்று எழுதினேன்.

ஆதார் அட்டையை மறந்துவிட்டுப் போயிருக்கிறார்.
மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.
செவ்வாயும் வெள்ளியும் குளோரியின் முறை.
இன்று வியாழன்.