முதுகுவலி

ஆசாரிப்பள்ளம் டாக்டர் பேனாவைத் தாளுக்கு மேல் பிடித்தபடி கேட்டார்:
உள்ளதை எழுதவா?
டெப்போவில் எத்தனை மேசை தாண்டும் இந்தத் தாள்?
எண்ணிப் பார்த்தேன். ஐந்து.
ஐந்தாவது மேசையில் சுகுமாரன் இருப்பான்.
முதுகில் வலி உண்டா?
உண்டு. பதினாறு வருஷம் கம்பியில் சாய்ந்து நின்ற முதுகு.
முதுகுவலி என்று எழுதினார். இருபத்தொரு நாள்.
மாத்திரைச் சீட்டை மட்டும் தனியாக மடித்துத் தந்தார்.

கல்லுக்கூட்டம் நிறுத்தத்தில்தான் அது நடந்தது.
ஏற வேண்டியவர்கள் ஏறிவிட்டார்கள்,
மீன்சருவத்தோடு ஒருத்தி கடைசியாய்.
விசில் உதட்டில் இருக்கிறது.
மூச்சும் இருக்கிறது.
எதற்கு ஊத வேண்டும் என்பது மட்டும்
எங்கேயோ விழுந்துவிட்டது, சில்லறை விழுவதுபோல,
சீட்டுக்கடியில், யார் யார் கால்களுக்கோ இடையில்.
மூன்று நிமிஷம் பஸ் நின்றது.
வேய் கண்டக்டரே, உறக்கமா என்றார்கள்.
டிரைவர் யூஸ்துஸ் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

அன்றைய வசூலில் நானூற்று எண்பது குறைவு.
மெமோ வந்தது: பணியில் அசட்டை,
ஏழு நாளுக்குள் எழுத்துமூலம் விளக்கம்.
முதல் வரி எழுதினேன்: ஐயா,
மூன்றாம் நாளும் அது
ஐயா என்றே இருந்தது.

லீவில் இருப்பவன் உறங்குவான் என்று நினைப்பார்கள்.
நான் கிடந்தபடி பஸ்களைக் கேட்டேன்.
ஐந்து நாற்பது, குளச்சல். கியர் மாற்றும்போது இருமும் வண்டி.
ஆறு பத்துக்கு என் வண்டி,
அதில் வேறொருத்தன் விசில்.
சின்னப் பயல், தேவையில்லாமல் இரண்டு தடவை ஊதுகிறான்.
ரப்பர் இலைகளில் மழை விட்டுவிட்டுப் பெய்தது.
எழுந்து பல் தேய்க்க எனக்கு
ஒரு டிரிப் நேரம் ஆனது,
போக வர.

ஐடாவிடமும் முதுகு என்றுதான் சொல்லியிருந்தேன்.
சந்தைக்குப் போனால் வளைந்து நடந்தேன்.
ஒருநாள் மறந்துபோய் நிமிர்ந்து நடந்ததைக்
கோயில்பிள்ளை பார்த்துவிட்டார்.
சொகமாச்சு போல இருக்கே என்றார்.
சட்டென்று கையை இடுப்பில் வைத்தேன்.
கால் ஒடிந்தவனுக்கு இந்த வேலையெல்லாம் இல்லை.

யூனியன் செல்வின் தைலம் கொண்டுவந்தான்,
தக்கலைப் பக்கம் ஒரு வர்ம ஆசான் காய்ச்சியது,
லேபிள் கிழியாத பிராந்திக் குப்பியில்.
வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை.
அண்டியாபீஸ் விட்டு வந்த ஐடா
கறை ஏறிக் கறுத்த விரல்களால்
ராத்திரி தேய்த்துவிட்டாள்.
இங்கேயா?
கொஞ்சம் மேலே.
இங்கேயா?
இன்னும் உள்ளே.

கை நின்றது.
பிறகு தேய்க்கவில்லை. எடுக்கவும் இல்லை.
வெளியே கடைசி பஸ் போவதுவரை
அப்படியே வைத்திருந்தாள்.

மறுநாள் மாத்திரை அட்டையின் பின்பக்கத்தை
வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
எட்டு மணிக்கு வெந்நீரோடு நீட்டினாள்.
குப்பியை அலமாரிக்கு மேலே வைத்துவிட்டாள்.

இருபத்திரண்டாம் நாள்
வேலைக்குத் தகுதி என்று இன்னொரு தாள்.
சுகுமாரன் முத்திரை குத்தினான்,
குனியாமப் பாத்துக்கிடும் என்றான், உண்மையான அக்கறையோடு.
மெமோவுக்கும் எழுதிவிட்டேன்:
ஐயா, கணக்கு தவறிவிட்டது. சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம்.

கல்லுக்கூட்டத்தில் விசில் வந்தது,
பாதி காற்று, பாதி எச்சில்.
சில நாள் அதுவும் வராது.
அப்போது யூஸ்துஸ் கண்ணாடியில் பார்ப்பார்,
படி காலியா என்று தானே எட்டிப் பார்த்துவிட்டு
மெல்ல எடுப்பார்.
முதுகு எப்படி என்று அவர் இதுவரை கேட்டதில்லை.
நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைவேன்,
உடையார்விளை ஒன்று, குளச்சல் மூன்று,
பாக்கி
இறங்கும்போது வாங்கிக்கொள்ளுங்கள்
என்று சொல்லியபடி.