வெட்டுக் கணக்கு

உப்பனாற்றங்கரை யார்டில்
வண்டிக்குத் தரச்சான்று எழுதுபவன் நான்.
பேனா கிடையாது. கேஸ் கட்டர்.

ஐம்பத்துநாலு பிளைமவுத்தைக்
கயிறு கட்டி இழுத்துவந்த தாவூது
சாவியை உடனே தரவில்லை.
"பண்ருட்டிக்கும் ஓ.டி.க்கும் இருபது வருஷம்,
நடைக்குப் பதினோரு பேர், பலாப்பழம் தனி.
செவர்லேயா இருந்தா இடுப்பு ஒடிஞ்சிருக்கும்."

செவர்லே அடுத்த வாரமே வந்தது, பாண்டியிலிருந்து,
மெத்தை உறையோடு.
சொல்தா பென்ஷனில் அப்பா வாங்கியதாம்,
ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும்.
"பிளைமவுத்தா? அது வாடகை வண்டியாச்சே,"
என்றார் ரோஸலின் அம்மா.
ஒப்பீடு அத்தோடு முடிந்தது.

நான் காந்தத்தை எடுத்தேன்.

செவர்லே கதவில் அது நழுவி விழுந்தது:
விரற்கடை கனத்துக்குப் பட்டி, மேலே கடல்நிறப் பெயின்ட்.
உள்ளே எல்லாம் ஒரிஜினல், எல்லாம் இறுகி,
பிஸ்டனும் சிலிண்டரும் ஒரே இரும்பாகி.

பிளைமவுத் காந்தத்தை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டது.
ஆனால் மேட்டைத் தூக்கினால்
கீழே நண்டு போவது தெரிகிறது.
எஞ்சின் பெர்கின்ஸ். கியர்பாக்ஸ் அம்பாசடர்.
ரேடியேட்டர் எந்த டிராக்டரோடதோ.
அமெரிக்கா என்று மிச்சம் இருந்தது
தகடும், மூக்கின்மேல் ஒரு குட்டிக் கப்பலும்.

செவர்லேக்கு முக்கால் சிலிண்டர் ஆக்சிஜன்.
பிளைமவுத்துக்கு ஒன்று முடிந்து இரண்டாவதில் பாதி.
போன மாசம் ஆலப்பாக்கத்தில் லாரியில் மோதிய புதுக் காரை
டீ ஆறுவதற்குள் பிரித்துப் போட்டான் அஞ்சாப்புலி.
"அப்பளம்டா இது," என்று சிரித்தான்.
அப்பளத்தின் சொந்தக்காரர்
மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு
ஆர்.சி. புத்தகம் தேடி வந்திருந்தார்.
குழந்தையின் நெற்றியில் ஒரு பிளாஸ்திரி,
வேறொன்றுமில்லை.

பிளைமவுத்தின் டேஷ்போர்டில்
உள்ளிருந்து விழுந்த ஒரு பள்ளம்.
ஸ்டியரிங் வளையம்
ஒரு நெஞ்சின் அகலத்துக்கு வளைந்திருந்தது.
பணம் வாங்க வந்த தாவூதிடம் காட்டினேன்.
"புளியமரத்துல போட்டது. வண்டிக்கு ஒரு கீறல் இல்ல."
யார் ஓட்டினாங்க என்று கேட்டேன்.
அவர் ஆற்றைப் பார்த்தார்.
"தம்பி."

கப்பலைக் கழற்றிக் கொடுத்தேன்.
வாங்கிக்கொள்ளவில்லை.
முதலாளி கலியபெருமாள் தட்டில் போட்டுச் சொன்னார்:
முந்நூற்றி இருபது கிராம்.