நூற்று இருபத்தைந்தில் ஒரு பங்கு

ஞாயிற்றுக்கிழமை. ஜூலைக் குளிர்.
மொண்டெவிடேயோவின் திரிஸ்தான் நர்வாஹா தெருவில்
குழாய்த் திருகுகளுக்கும் தலையில்லாத பொம்மைகளுக்கும் நடுவே
நீலப் போர்வையில் நான்கு கேமராக்கள்.
என் கையுறைக்குள் மூவாயிரம் பெசோ.
எண்ண வேண்டியதில்லை, மூன்றே நோட்டு.

"கைப்பேசியில் இல்லாததா?" என்றான் வால்டெமார்,
மாத்தே குடிக்கும் வெந்நீர்க் குடுவையைக்
கக்கத்தில் இடுக்கியபடி.
இருக்கிறது. பதினோராயிரம் படம்.
அவன் முகம் மட்டும் நானூறு.
ஒன்றைக்கூட இரண்டாம் முறை பார்த்ததில்லை என்று
அவனிடம் எப்படிச் சொல்வது?

முதலில் பென்டாக்ஸ்.
புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இதுதான் என்று
எல்லோரும் சொல்லும் பெட்டி.
தூக்கியதும் மணிக்கட்டுக்குப் புரிந்தது.
விலை ஆறாயிரம்.
சுடுசட்டியை இறக்குவதுபோல்
இருந்த இடத்திலேயே வைத்தேன்.

செனித், ஆயிரத்து ஐந்நூறு.
"பேட்டரியே வேண்டாம்" என்றாள் கடைக்காரி எலிடா.
நெற்றியில் தேன்கூடு போலக் கண்ணாடி,
வெளிச்சம் பட்டால் முள் தானே அசையுமாம்.
சூரியனுக்கு நேரே பிடித்தேன்.
முள் அசையவில்லை.
"மேகம்" என்றாள்.
மூவரும் அண்ணாந்து பார்த்தோம்.
மேகம் இல்லை.

மூன்றாவதன் லென்ஸுக்குள் பூஞ்சை
வலை பின்னத் தொடங்கியிருந்தது.
முதுகைத் திறந்தால் கரும்பஞ்சு பிசினாகி
விரலோடு வந்தது.
அதன் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

கடைசியில் பிராக்டிகா. இரண்டாயிரத்து இருநூறு.
பின்கதவைத் திறந்து
முன்கண்ணை வானத்துக்குக் காட்டி
ஒவ்வொரு வேகமாகத் தட்டிப் பார்த்தேன்.
ஆயிரத்தில் ஒரு பங்கு: வெள்ளையாய் ஒரு சொடுக்கு.
நூற்று இருபத்தைந்தில் ஒரு பங்கு: சுத்தம்.
முப்பதில்: சரி, கொஞ்சம் முனகல்.
ஒரு முழு வினாடி:
திறந்தது.
திறந்தபடியே நின்றது,
வானத்தைப் பார்த்து வாய் பிளந்து.

எலிடா எட்டிப் பார்த்தாள். பொய் சொல்லவில்லை.
"நீ எதைப் படம் எடுக்கப்போகிறாய்?"

யோசித்தேன்.
கடலோரச் சாலையில் காற்றோடு மல்லுக்கு நிற்கும் நாய்கள்.
ஓடும் பேருந்திலிருந்து குதிக்கிறவர்கள்.
சிரித்துவிட்டு, ஏன் சிரித்தோம் என்று யோசிக்கும் இவன்.
இதில் எது எனக்காக ஒரு வினாடி நிற்கப்போகிறது?

"ஆயிரத்து நானூறு" என்றேன்.
"ஆயிரத்து எண்ணூறு."
வால்டெமார் அவளுக்கு ஒரு மடக்கு மாத்தே நீட்டினான்.
உறிஞ்சி முடித்து, ஆயிரத்து அறுநூறு என்றாள்.

மிச்சத்தில் இரண்டு பிலிம் சுருள்.
எழுபத்திரண்டு படம். பேருந்துக்குக் காசில்லை.
வெளிச்சமானி செத்திருந்தது, பரவாயில்லை:
வெயிலுக்கு இது, நிழலுக்கு இது என்று
டப்பாவின் உட்புறத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள்.

நடந்தோம்.
மரமில்லாத ஒரு முனையில் கண்ணை வைத்தேன்.
ஒரே இருட்டு.
ஏமாந்தேனா? நெஞ்சு ஒருமுறை இறங்கி ஏறியது.
"மூடி" என்றான் வால்டெமார்.
லென்ஸ் மூடியைக் கழற்றவே இல்லை.
எனக்கு அந்தக் கேமராவைப் பிடித்துப்போனது அப்போதுதான்.
கண் கட்டியிருந்தால் இருட்டைத்தான் காட்டும்,
பக்கத்து ஜன்னல் வழியாக
வேறெதையோ காட்டிச் சமாளிக்காது.

வளையத்தைத் திருகினேன்.
புகையாயிருந்தவனில் முதலில் காது தெளிந்தது,
அப்புறம் மூக்கு, அப்புறம் கண்.
நாடியை உயர்த்தி நின்றான். "எடு."
எடுக்கவில்லை. எழுபத்திரண்டில் ஒன்று அல்லவா.
"எடேன்."
சலித்து, குனிந்து, குடுவையைத் திறந்தான்.
ஆவி எழுந்து முகத்தைத் தொட்டது.

அழுத்தினேன்.

டப் என்று கண்ணாடி மேலே போய்
என் கண்ணில் கறுப்பு விழுந்தது.
திரும்பி வந்தபோது அவன் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.
எதை எடுத்தேனோ
அதை மட்டும் நான் பார்க்கவில்லை.

"காட்டு" என்றான், கை நீட்டி.

பழக்க தோஷத்தில் நானும் திருப்பிக் காட்டினேன்,
கேமராவின் கறுத்த முதுகை.
இருவரும் கொஞ்ச நேரம்
அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.