அறுபத்தைந்தில் வரும் சத்தம்

ஐம்பது வரை ஒன்றுமில்லை.
அறுபதைத் தொட்டதும்
கியர் குச்சியின் குமிழில் ஒரு கூச்சம்.
அறுபத்தைந்தில்
யாரோ வாயை மூடிக்கொண்டு முனகுவதுபோல்
தரைக்கு அடியிலிருந்து.
எண்பதில் நின்றுவிடும்.
ஆனால் சிசியானுக்கு மேலே
எந்தச் சாலையில் எண்பதில் போவது?

வண்டி நீவா. எண்பத்தொன்பதில் பிறந்தது.
அது பிறந்த நாடே இப்போது இல்லை.
நான் ஆட்டு டாக்டர்.
நோயாளி வாய் திறந்து சொல்லாது என்பது
எனக்குப் பழக்கம்தான்.

முறையாகவே தொடங்கினேன்.
சரிவில் நியூட்ரலில் விட்டேன்.
எஞ்சின் அடங்கியது, சத்தம் கூடவே வந்தது.
முன் டயர்களைப் பின்னுக்கு மாற்றினேன்.
அதே.
சக்கரத்தைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினேன்,
கிடாவின் கொம்பைப்போல் அசையாமல் நின்றது.
ஷாஃப்ட் ஜாயின்ட்டுகளுக்கெல்லாம் கிரீஸ் அடித்தேன்.
கிரீஸ் என் சட்டையில் தங்கிவிட்டது
சத்தம் வண்டியில் தங்கிவிட்டது.

ஒரு ஞாயிறு
நான்கு சக்கரத்தையும் அந்தரத்தில் தூக்கி
கட்டை அடுக்கி
பக்கத்து வீட்டு ஷூஷானிக்கை ஆக்சிலேட்டரில் உட்காரவைத்து
கீழே படுத்தேன், காதில் ஸ்டெதாஸ்கோப்.
அன்று காலை அதே குழலில்
ஒரு செம்மறியின் வயிற்றைக் கேட்டிருந்தேன்.
வயிறு எவ்வளவோ மேல்.
இங்கே தொட்ட இடமெல்லாம் வலி.
"இன்னும் மிதிக்கவா?" என்று கத்தினாள் ஷூஷானிக்
சந்தோஷமாக.

ஊரில் ஆளுக்கொரு வைத்தியம்.
சீஸ் விற்கும் வாச்சே
பின் டிஃபரன்ஷியல்தான் என்று
தாயின் மேல் சத்தியம் செய்தான்.
கணக்கு வாத்தியார், விற்றுவிடு என்றார்.

கோரிஸில் நோராயிர் மட்டும்
நான் ஆட்டுக்காரர்களிடம் கேட்பதைக் கேட்டான்:
எப்போதிலிருந்து?

மார்ச்சிலிருந்து, என்றேன் உடனே.
கிழமைகூடத் தெரியும்.
ரஸ்மிக் கட்டட வேலைக்கென்று
கிராஸ்னதாருக்குப் பஸ் ஏறிய வாரம்.
என் ஊசிப்பெட்டியைச் சுமந்தவன்,
நான் பிடிக்காத ஆட்டையும் பிடித்தவன்,
கணவன் என்று சொல்ல
இன்னும் ஒரு தாள் இருக்கிறது.

நோராயிர் டிரான்ஸ்ஃபர் பெட்டியை இறக்கினான்.
பேரிங்கை உள்ளங்கையில் உருட்டி
பள்ளங்களை நகத்தால் தடவினான்.
"டாக்டர், இது மூன்று மாதத் தேய்மானமில்லை.
மூன்று வருஷம். கூடவும் இருக்கலாம்."

இல்லவே இல்லை என்று அடித்துச் சொன்னேன்.
நேற்றுவரை நன்றாக மேய்ந்தது டாக்டர்,
என்று எல்லோரும்தான் சொல்வார்கள்.
நான் ஒருநாளும் நம்பியதில்லை.

புதுப் பேரிங் போட்டான்.
பெட்டியை ஏற்றி, நட்டுகளை இறுக்காமல் விட்டு
சக்கரங்களை வெறுங்காற்றில் ஓடவிட்டான்.
பெட்டி நடுங்கியது, நகர்ந்தது,
கொஞ்சம் வலப்பக்கம் போய்
ஓரிடத்தில் சும்மா இருந்தது.
அப்புறம்தான் ஸ்பானரை எடுத்தான்.
"அளந்து வைத்தால் ஒத்துக்காது,"
அவ்வளவுதான் சொன்னான். காசை எண்ணி வாங்கினான்.

திரும்பும்போது
அறுபது. அறுபத்தைந்து.
எழுபதுவரை போய்விட்டுத் திரும்ப அறுபத்தைந்துக்கு வந்தேன்.
ஒன்றுமில்லை.

மூன்று வருஷம்.
இதே சாலை, இதே முனகல்,
மேலே ரஸ்மிக்.
சித்தப்பா மகனின் டைல்ஸ் கடை,
வரி ஆபீசரைக் கடித்த நாய்,
அந்த நாய்க்கு அப்புறம் என்ன ஆனது,
பூண்டு எங்கே மலிவு,
நான் பதில் சொல்கிறேனா என்றுகூடப் பார்க்காமல்
மலை ஏறி இறங்கும்வரை.
ம், ம் என்றபடி நான்
சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.
கொஞ்சம் வாயை மூடேன், வண்டியைக் கேட்கவிடு
என்று ஒருமுறை சொல்லியிருக்கிறேன்.

ஷாக்கி திருப்பத்தில்
வலது கதவுக்குள் ஏதோ உருண்டது.
சின்னது. திருகாணியோ, ஆப்ரிகாட் கொட்டையோ.
வளைவில் மட்டும் ஒரு டிக்.
நேரான சாலையில் இல்லை.

கதவின் உள்பலகைக்கு ஆறே திருகுகள்.
பத்து நிமிஷ வேலை.
நோராயிரிடம் சொல்லவில்லை.